வானொலியில் வங்கத்துக்குப் பாடக் கற்பித்த ஆசான்: பங்கஜ் குமார் மல்லிக்

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழகத்தை விட்டு வந்து, கங்கைக் கரையில் குடியேறி, தலைமுறை தலைமுறையாக இங்கு வாழும் தமிழராகிய நாம், நம் மொழியையும் கலைகளையும் பேணுதற்கென்று சங்கம் அமைத்து ஆண்டுதோறும் விழா எடுத்து வருகிறோம். அது நம் கடமை. நமக்கு இடமளித்த நாட்டின் பெரியோர்களை அறிந்து போற்றுதலும் அதற்கு இணையான கடமையே. தாகூரையும் விவேகானந்தரையும் நேதாஜியையும் பற்றி நம் மலர்களில் கட்டுரைகள் பல வந்துள்ளன. ஆயினும் வங்கத்தின் வீடுகளுக்குள் ஞாயிறுதோறும் குரலாகவே நுழைந்து, ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு நாட்டையே மாணவனாகக் கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு பெருமகனைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவருடைய வானொலி வாழ்வின் தொடக்கத்தில் தென்னாட்டு மருத்துவர் ஒருவருடைய கையும் இருந்தது என்பதை அறிந்தால் நம்மவர் வியப்பர்.

பங்கஜ் குமார் மல்லிக் 1905ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தை மணிமோகன் மல்லிக், தாய் மனோமோகினி. வைணவப் பற்று மிக்க குடும்பம். பூசையும் பசனையும் வீட்டில் இயல்பாக இருந்தமையால் இசையார்வம் இளமையிலேயே அரும்பிற்று. துர்காதாஸ் வந்தியோபாத்தியாயர் என்னும் இசைப்புலவர் இவருக்கு முதல் ஆசானாக வாய்த்தார்; சாத்திரிய சங்கீதத்தின் அடிப்படைகளை அவரிடமே கற்றார். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியிற் பயின்ற காலத்தில் தாகூரின் பாடல்கள் இவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. அப்பாடல்களை முறையாகக் கற்கும் வேட்கையால் தினேந்திரநாத் தாகூரை அடைந்தார். தினேந்திரநாத், கவியரசரின் தமையனார் திவிஜேந்திரநாதரின் பேரர். கவிஞர் புதுப்பாடல் ஒன்றை இயற்றி மெட்டமைத்ததும் அதனை உடனே மனத்தில் வாங்கிச் சுரக்குறிப்பெழுதிக் காத்தவர் அவர். தாகூரின் பாடற் கருவூலத்துக்குத் திறவுகோல் வைத்திருந்தவரிடமே மல்லிக் பாடங்கேட்டார் எனலாம். 1926ஆம் ஆண்டிலேயே இவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது.

ஆயினும் இசைத்தட்டு ஒன்று வந்த மாத்திரத்தில் வாழ்க்கை நடந்துவிடாது. இருபத்திரண்டு வயது இளைஞர். பாட்டைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. பாட்டைக் கொண்டு பிழைக்க வழியும் புலப்படவில்லை. இந்நிலையில்தான் 1927ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் அந்நிகழ்ச்சி நேர்ந்தது. நகரத் தெருவொன்றில் நடந்து சென்றுகொண்டிருந்தவர் பெருமழையில் அகப்பட்டு, ஒரு மருத்துவரின் மருந்தகத்து முகப்பில் ஒதுங்கினார். மழை விடுவதாக இல்லை. கால் கடுக்க நின்றவர், மழைக்கு ஏற்ற தாகூர் பாடலொன்றைத் தமக்குள் மெல்ல இசைக்கத் தொடங்கினார். உள்ளிருந்த மருத்துவர் அதனைக் கேட்டார். அவர் பெயர் இராமசாமி ஐயங்கார். வங்கமொழிப் பாட்டைத் தென்னாட்டுச் செவி ஒன்று நிறுத்துப் பார்த்து, இக்குரல் வீணாகக் கூடாது என்று தீர்மானித்தது. அவர் அவ்விளைஞரை உள்ளே அழைத்து அமரச் செய்து பாடக் கேட்டதோடு நில்லாமல், அப்பொழுதுதான் தொடங்கப்பெற்றிருந்த வானொலி நிலையத்தில் அறிமுகமும் செய்துவைத்தார்.

இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் 1927 ஜூலையில் பம்பாயிலும் ஆகஸ்டு 26இல் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. கல்கத்தா நிலையம் டல்ஹௌசி சதுக்கத்துக்கு அருகே கார்ஸ்டின் பிளேஸ் என்னும் குறுந்தெருவில் முதலாம் எண் கட்டடத்தில் இயங்கிற்று. இந்திய நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக நிருபேந்திரநாத் மஜும்தார் இருந்தார். நிலையம் தொடங்கிச் சரியாக ஒரு திங்கள் கழிந்து, செப்டம்பர் 26ஆம் நாள் பங்கஜ் மல்லிக்கின் குரல் முதன்முறையாக வானில் ஏறிற்று. பிறகு அரை நூற்றாண்டுக் காலம் அது இறங்கவே இல்லை. ஐயங்காரைப் பற்றி இதற்குமேல் வரலாறு அதிகம் பேசவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர் ஒருவர், தம் வாசலில் மழைக்கு ஒதுங்கிய அயலான் ஒருவனுக்குச் செய்த சிறு உதவி அது. வங்க இசை வரலாற்றில் அவர் பெயர் நிற்பதற்கு அதுவே போதுமானதாயிற்று.

அக்கால வானொலியை இக்காலத்தாருக்குச் சற்று விளக்குதல் வேண்டும். கருவி வைத்திருந்தோர் நகரத்துச் செல்வர் சிலரே. அதற்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் செலுத்தவேண்டும். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்து ஒலிபரப்பும் வழக்கம் அன்று இல்லை. பாடுவதும் பேசுவதும் அந்தந்த நொடியிலேயே காற்றில் கலந்துவிடும். பிழை நேர்ந்தால் நேர்ந்ததுதான். நிறுவனமோ நட்டத்தில் தள்ளாடி 1930இல் மூடப்பெற்றது. அரசினர் ஏற்று நடத்தினர். 1931இல் அரசினரும் கைவிட முற்பட்டபோது கல்கத்தா மக்கள் கிளர்ச்சி செய்து தடுத்தனர். 1936இல்தான் அகில இந்திய வானொலி என்னும் பெயர் நிலைத்தது. இவ்வாறு நாளை இருக்குமோ இராதோ என்றிருந்த ஓர் அமைப்பில், சொற்ப ஊதியத்தில், கலைஞர் சிலர் இரவும் பகலும் உழைத்தனர். ராய்சந்த் போரால், பாணிகுமார் எனப்பெற்ற வைத்தியநாத் பட்டாச்சாரியர், வீரேந்திர கிருஷ்ண பத்ரர், பங்கஜ் மல்லிக் ஆகியோர் அவருள் முதன்மையானவர்.

1929ஆம் ஆண்டில் மல்லிக் தொடங்கிய நிகழ்ச்சியே அவருடைய வாழ்நாட் பெருஞ்செயல் என்று நாம் கருதுகிறோம். அதன் பெயர் சங்கீத சிக்ஷார் ஆசர். இசை கற்பிக்கும் அவை என்று தமிழில் சொல்லலாம். ஞாயிறு காலையில் அது ஒலிபரப்பாகும். வானொலியில் பாடுவோர் பலர் இருந்தனர். பாடிக் காட்டிவிட்டுப் போகாமல், கேட்போரையும் பாட வைக்கவேண்டும் என்று எண்ணியவர் இவர். முதலில் பாட்டின் சொற்களை மெதுவாகச் சொல்லுவார். கேட்போர் ஏட்டில் எழுதிக்கொள்வர். பிறகு முதலடியைப் பாடுவார், மீண்டும் பாடுவார், எந்த இடத்தில் சுரம் வளைகிறது, எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்தவேண்டும் என்பதை எடுத்துரைப்பார். ஒரு பாட்டை ஒரே நாளில் முடித்துவிடும் அவசரம் அவரிடம் இல்லை.

கண்ணெதிரே மாணவன் இல்லை. அவன் பாடுவது ஆசானுக்குக் கேட்பதும் இல்லை. மாணவன் எங்கே தவறுவான் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அவன் தவறுமுன் திருத்தவேண்டும். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் மாணவனைக் கண்முன் அமர்த்திக்கொண்டு, தொடையில் தாளம் தட்டி, தவறினால் முறைத்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததை நாம் அறிவோம். அந்த முறைப்பிற்கு வழியில்லாத இடத்தில் பொறுமை ஒன்றைக்கொண்டே பாடம் நடத்தினார் மல்லிக். சொல்லைத் தெளிவாக உச்சரித்தல், பொருள் உணர்ந்து பாடுதல், வேண்டாத அலங்காரங்களைத் தவிர்த்தல் ஆகிய மூன்றையும் ஓயாமல் வற்புறுத்தினார். தாகூர் பாடல்களோடு திவிஜேந்திரலால் ராய், ரஜனிகாந்த சென், அதுல்பிரசாத் சென், நஸ்ருல் இஸ்லாம் ஆகியோரின் பாடல்களும், பசனைகளும், நாட்டுப்பாடல்களும் அவ்வவையில் இடம்பெற்றன.

இதனால் விளைந்த பயனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அந்நாளில் தாகூரின் பாடல்கள் சாந்திநிகேதனத்திலும், பிரம்ம சமாஜத்து வழிபாடுகளிலும், கற்றோர் சிலரின் கூடங்களிலுமே பெரிதும் வழங்கின. வெளியே இருந்த பெரும்பான்மையோர்க்கு அவை எட்டவில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் ஆசான் வைத்துப் பாட்டுக் கற்பது எளிதன்று. செலவு ஒருபுறம், ஊரார் வாய் ஒருபுறம். வானொலிப் பெட்டியோ வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெட்டி இல்லாதார் அடுத்த வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். ஞாயிறு காலையில் ஆர்மோனியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சமையலுக்கு நடுவிலும் காத்திருந்து கற்றவர் எத்தனையோ பேர். ஊதியம் வாங்காமல், சாதி சமயம் கேளாமல், முகமும் பாராமல் ஓர் ஆசான் அவர்களுக்கு வாய்த்தார்.

தாகூர் பாடலுக்குத் தபலாவையும் பல்லியத்தையும் சேர்த்துப் பாடியதற்காக மல்லிக்கைக் குறை கூறினாரும் உண்டு. கவிஞரின் பாடல் எளிய துணையோடு பாடப்பெறவேண்டியது, அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். நமக்கு அவ்வாதம் முழுதும் புறக்கணிக்கத்தக்கதாகத் தோன்றவில்லை. மரபைக் காப்போர் அஞ்சுவது இயல்பே. எனினும் கவியரசரே இவரை எவ்வாறு ஏற்றார் என்பதைப் பார்க்கும்பொழுது நாம் மல்லிக்கின் பக்கமே நிற்க வேண்டியவராகிறோம்.

கேயா என்னும் தொகுதியில் தாகூர் எழுதிய கவிதை ஒன்றுக்கு அவர் மெட்டமைக்கவில்லை. அக்கவிதையில் ஈடுபட்ட மல்லிக் தாமே இசையமைத்து நண்பரிடையே பாடிவந்தார். செய்தி கவிஞரின் செவிக்கு எட்டிற்று. ஜொராசாங்கோ மாளிகைக்கு அழைப்பும் வந்தது. பெருங்கவிஞரின் சொல்லுக்குத் தான்தோன்றியாக மெட்டுப் போட்ட இளைஞர் என்ன மனநிலையில் அங்கே சென்றிருப்பார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பாடிக் காட்டினார். கவிஞர் சினக்கவில்லை. பின்னர் 1937இல் பிரமதேஷ் பருவா முக்தி என்னும் படத்தை எடுத்தபோது அப்பாட்டைப் படத்தில் சேர்க்கவும் இசைவளித்தார். அப்படத்துக்கு இசையமைத்ததோடு மல்லிக் அதில் நடிக்கவும் செய்தார். கானன் தேவி அப்படத்தில் பாடிய தாகூர் பாடல்களையும் கற்பித்தவர் இவரே. தாகூரின் சொல்லுக்குப் பிறர் இட்ட மெட்டு மக்கள் நாவில் நிலைத்து நிற்பது மிக அரிது. அவ்வரிய பேறு இப்பாட்டுக்குக் கிட்டிற்று.

திரைப்படத் துறையில் இவர் ஆற்றிய பணி தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சுருக்கமாகவே சொல்கிறோம். ஊமைப்படக் காலத்தில் திரைக்கு முன் அமர்ந்து பல்லியம் நடத்தியவர், வீரேந்திரநாத் சர்க்கார் 1931இல் நிறுவிய நியூ தியேட்டர்ஸில் ராய்சந்த் போராலோடு சேர்ந்து பணியாற்றினார். 1935இல் நிதின் போஸ் இயக்கிய பாக்ய சக்கரம் என்னும் படத்தில் பின்னணிப் பாடல் முறை கையாளப்பெற்றது. இதற்கு முன் நடிகர் நடித்துக்கொண்டே பாடவேண்டியிருந்தது. அம்முறைக்கு வித்திட்டவர் மல்லிக்கே என்று ஒரு செய்தி வழங்குகிறது. நிதின் போஸ் படநிலையத்துக்குச் செல்லும் வழியில் மல்லிக்கின் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தி ஒலியெழுப்ப, உள்ளே மல்லிக் இசைத்தட்டு ஒன்றோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தமையால் அவருக்குக் கேட்கவில்லையாம். சன்னலில் தெரிந்த அவ்வாயசைவும் வெளியே வந்த பாட்டும் இயக்குநருக்கு வழிகாட்டின என்பர். பஞ்சாபியரான குந்தன்லால் சைகல் வங்க மொழியில் தாகூர் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்றதற்கும் மல்லிக்கின் பயிற்சியே காரணம். இந்திப் படங்களில் இவர் அமைத்த மெட்டுகளும் இவர் குரலும் நாடெங்கும் பரவின. மெய்யாகவே பெரிய ஊதியம் தரக்கூடிய பம்பாய் இருந்தும், இவர் கல்கத்தாவையும் ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தையும் விடவில்லை.

இனி, வங்கத்தார் எவரும் மறவாத மற்றொரு படைப்பைச் சொல்லவேண்டும். மகாளய அமாவாசையன்று நாம் முன்னோர்க்குத் தர்ப்பணம் செய்கிறோம். வங்கத்தாரும் கங்கைப் படித்துறைகளில் அவ்வாறே செய்கின்றனர். நமக்கு மறுநாள் கொலு. அவர்களுக்குத் தேவியின் வருகை. அந்த அமாவாசை விடியற்காலை 4 மணிக்கு ஒலிக்கும் மகிஷாசுரமர்த்தினி என்னும் நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்தில் உருவாயிற்று. பாணிகுமார் எழுத, மல்லிக் இசையமைக்க, வீரேந்திர கிருஷ்ண பத்ரர் சண்டி பாராயணத்தோடு கதை சொன்னார். அந்தணரல்லாத ஒருவர் சண்டி ஓதலாமா என்று சிலர் எதிர்த்தனர், நிலையத்தார் பொருட்படுத்தவில்லை. பல்லியத்தில் இசுலாமியக் கலைஞரும் அமர்ந்து தேவியின் புகழுக்கு வாசித்தனர். முப்பது ஆண்டுக்கு மேலாக அது நேரடியாகவே ஒலிபரப்பாயிற்று. கலைஞர்கள் நள்ளிரவிலேயே நிலையம் வந்து, நீராடித் தூய ஆடை உடுத்து, சங்கொலியோடு தொடங்குவர். மார்கழி விடியலில் வானொலித் திருப்பாவை நமக்கு எப்படியோ அப்படி அது அவர்களுக்கு. ஒன்றைமட்டும் வேறுபாடாகச் சொல்லலாம். திருப்பாவை ஒரு திங்கள் முழுதும் நமக்குக் கிடைக்கிறது. அவர்களுக்கோ ஆண்டில் ஒரே நாள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஆகையால் அவ்விடியலில் உறங்குவோர் குறைவு.

விடுதலைக்குப் பின் மேற்கு வங்க அரசின் லோகரஞ்சன் என்னும் மக்கட்கலைப் பிரிவுக்கும் மல்லிக் துணை நின்றார். 1958இல் வானொலி நிலையம் கார்ஸ்டின் பிளேஸை விட்டு ஈடன் தோட்டத்தருகே ஆகாசவாணி மாளிகைக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமைப் பாடமும் அங்கே தொடர்ந்தது. 1970இல் பத்மஸ்ரீ பட்டமும், 1972ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருதும் இவரை அடைந்தன. பாட்டியிடமிருந்து தாயும், தாயிடமிருந்து மகளுமாக மூன்று தலைமுறையினர் இவரிடம் கற்றவராயினர்.

1975ஆம் ஆண்டு வந்தது. நாட்டில் நெருக்கடி நிலை நிலவிய காலம். அவ்வாண்டில் ஒரு நாள் எழுபது வயது முதியவராகிய மல்லிக்குக்கு நிலையத்திலிருந்து கடிதம் ஒன்று வந்தது. சங்கீத சிக்ஷார் ஆசரில் அவருடைய பணி இனி வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். முன்னறிவிப்பும் இல்லை, விடைபெறும் நிகழ்ச்சியும் இல்லை. ஞாயிறுதோறும் தம்மோடு பாடிய மாணவர்களுக்கு ஒரு சொல் சொல்லிப் பிரியும் வாய்ப்பும் அவருக்கு அளிக்கப்படவில்லை. புதியவர்க்கு வழிவிடுதல் எந்த நிலையத்துக்கும் தேவையே. முதியவர் ஓய்வு பெறுவதும் உலக இயல்பே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் நட்டத்தில் தத்தளித்த காலத்தில் நிலையத்தைத் தாங்கி நின்ற ஒருவரை, ஒரு கடிதத்தால் வாசலுக்கு வெளியே நிறுத்தியதை முறையென்று எவர் சொல்வார்? அந்த அடியிலிருந்து அவர் மனம் மீளவில்லை என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

துன்பம் தனித்து வரவில்லை. 1976ஆம் ஆண்டு மகாளயத்தன்று பழைய மகிஷாசுரமர்த்தினிக்கு மாற்றாகப் புதிய நிகழ்ச்சி ஒன்று ஒலிபரப்பாயிற்று. திரையுலக நாயகர் உத்தம் குமார் கதை சொல்ல, ஹேமந்த முகோபாத்தியாயர் இசையமைத்திருந்தார். இந்த ஹேமந்தரோ, இளமையில் மல்லிக்கின் பாணியிலேயே பாடிச் சின்னப் பங்கஜ் என்று பெயர் பெற்றவர்! பெரிய நடிகர், பெரிய பாடகர், திறமையில் குறைவில்லை. எனினும் மக்கள் கொதித்தெழுந்தனர். பொழுது புலரும் முன்பே நிலையத்துத் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. மாளிகை வாயிலில் கூட்டம் திரண்டது. நெருக்கடி நிலையில் வாய் திறக்க அஞ்சிய நகரம், ஒரு பாட்டு நிகழ்ச்சிக்காக அஞ்சாமல் குரலெழுப்பியது. நிலையத்தார் பணிந்தனர். அவ்வாண்டுத் துர்க்கா பூசையின் சஷ்டி நாளிலேயே பழைய பதிவை மீண்டும் ஒலிபரப்பினர். இந்நிகழ்ச்சியை வைத்து 2019இல் வங்கமொழியில் திரைப்படம் ஒன்றும் வெளிவந்துள்ளது. உத்தம் குமாருக்கும் ஹேமந்தருக்கும் இதில் பழி சொல்லுவது நியாயமன்று. தம்மை நாடி வந்த பணியை அவர்கள் செய்தனர்.

பழைய பதிவு திரும்பிற்று. மல்லிக்கின் ஞாயிற்றுக்கிழமை திரும்பவில்லை. மகிஷாசுரமர்த்தினிக்குக் கிளர்ந்தெழுந்த மக்கள், ஓராண்டுக்கு முன் அப்பாடம் அவரிடமிருந்து பறிக்கப்பெற்றபோது அவ்வளவு உரக்கக் குரலெழுப்பவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் விழாவின் இழப்பு உடனே உறைக்கிறது. வாரந்தோறும் வரும் பாடத்தின் இழப்பு மெல்லத்தான் தெரிகிறது போலும்.

வங்கத்தாரோ அவரை மறந்தவரல்லர். என் காலம் என் பாட்டு என்று பொருள்படும் பெயருடைய அவருடைய தன்வரலாறு 1980இல் நூலாயிற்று. நூற்றாண்டையொட்டி 2006இல் இந்திய அஞ்சல் துறை அவருருவம் பொறித்த தலை வெளியிட்டது. இவை யாவும் அவர் காணாதவை. அவர் கண்டது 1977ஆம் ஆண்டுப் புரட்டாசி அமாவாசையை. அன்று விடியற்காலை நான்கு மணிக்கு, லேக் மார்க்கெட்டில் நம்மவர் குடியிருந்த தெருக்களிலும், வங்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் அவர் அமைத்த பழைய இசையே ஒலித்தது. அதற்கு நான்கு திங்கள் கழித்து, 1978 பிப்ரவரி 19ஆம் நாள், கல்கத்தாவில் பங்கஜ் குமார் மல்லிக் காலமானார். அந்நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.